என் வீட்டுக்காரரின் நெற்றி வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு மூன்று கண். மூன்றாவதை ஆன்லைனில் வாங்குகிறார்.

கூடாரம் போட்டுத் தங்கும் பைத்தியம் பிடித்ததிலிருந்து அவருக்குத் தலைவிளக்குதான் உலகம். முதலில் வாங்கியது பேட்டரி போட்டது, மங்கலான மஞ்சள். ரப்பர் தோட்டத்தில் எங்கள் அம்மாக்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும்போது நெற்றியில் கட்டிக்கொண்ட கார்பைட் விளக்கைவிட ஒன்றும் பெரிதில்லை. அது போதவில்லையாம். அடுத்து வெள்ளை எல்இடி. அதற்கடுத்து சார்ஜ் ஏற்றுவது. இப்போது முன்னால் கையை ஆட்டினால் தானாக எரிந்து தானாக அணைவது ஒன்று. நெற்றியில் கொசு அடித்தாலும் அணைகிறது. ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கண்ணைப் பறிக்கிறது.

எனக்கோ இரண்டு கண்ணிலும் புரை. எதிரே வரும் லாரியின் விளக்குப் பட்டாலே எல்லாம் வெள்ளையாகக் கலங்கிவிடும். கண் மங்குகிறது என்று அவரிடம் சொன்னேன். மனுஷன் என்ன செய்தார்? என் பிறந்தநாளுக்கு எனக்கும் ஒரு தலைவிளக்கு வாங்கி வந்தார்.

"இது இன்னும் பவர். இனிமே எல்லாம் பளிச்சுன்னு தெரியும் லா."

அந்தப் பெட்டியை அவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதை அவரிடம் சொல்ல வாரம் முழுக்க நேரம் பார்த்தேன். வேலை விட்டு வந்தால் போன்தான், அதில் எவனோ விளக்கைக் கழற்றி மாட்டிக் காட்டிக்கொண்டிருப்பான். எனக்கு எரிச்சல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சனிக்கிழமை, நாங்கள் பிறந்த தோட்டத்து ஆற்றோரம் கூடாரம் போட்டோம். பொழுது சாய்ந்ததும் விளக்கை மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இனியும் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, செவ்வாய்க்கிழமை லீவு போடுங்க."

"முடியாது லா, மீட்டிங் இருக்கு." திரும்பக்கூட இல்லை.

"எனக்குக் கண்ணு ஆபரேஷன். தனியா போக பயமா இருக்குங்க."

கயிறு கையிலிருந்து நழுவியது. "என்னா சொல்ற?" என்று பதறித் திரும்பினார். முழு வெளிச்சமும் என் கண்ணில் விழுந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்காக அப்படிப் பதறியதை அன்றுதான் கேட்டேன். அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க முடியவில்லை.