டெல்பர்ட்டின் கண்ணில் படாத தப்பு

எங்கள் மன்சி ஊரில் செவ்வாய்க்கிழமை மாலையானால் பழைய கார் பைத்தியங்கள் எல்லாம் ஹார்லன் வீட்டுக் கராஜில் கூடிவிடும். சுவரில் ஒரு டிவி, கீழே மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி நிறைய பீர். துருப்பிடித்த காரைப் புதிதாகக் கட்டி ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சி தொடங்கியதும் அத்தனை பேரும் அதைத் திட்டத் தொடங்குவார்கள். பித்தலாட்டம் என்பார்கள், நாடகம் என்பார்கள். ஆனால் ஒரு வாரம்கூட ஒருவரும் வராமல் இருக்கமாட்டார்கள்.

திட்டுவதில் முதல் ஆள் டெல்பர்ட் ஸ்ட்ராட்டன். கியர்பாக்ஸ் தொழிற்சாலையை மூடும்வரை அங்கே வெல்டராக இருந்தவர். திரையில் பட்டறை முதலாளி, "நாளைக்கு வண்டி ஓடியே ஆகணும்" என்று கத்துவான், ஆட்கள் ஸ்பானரை வீசிச் சண்டை போடுவார்கள். டெல்பர்ட் அதையெல்லாம் சட்டை செய்யமாட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையில் தெரியும் சுவர்க் கடிகாரத்தையும் ஆட்களின் சட்டையிலுள்ள கறையையுமே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அங்க பாரு! எஞ்சின் இன்னும் வரலன்னு அழுவுறான், பின்னாடி எஞ்சினோட நிக்குது அதே வண்டி! வேற நாள்ல எடுத்து ஒட்டியிருக்கானுங்க."

இப்படி முதலில் தப்பைக் கண்டுபிடிப்பவருக்கு அடுத்த பீர் ஓசி. அது அந்தக் கராஜின் சட்டம். "இவன் தொப்பை மொத்தமும் நம்ம காசுய்யா" என்று ஹார்லன் அலுத்துக்கொள்வார்.

அந்த நிகழ்ச்சியிலேயே டெல்பர்ட்டின் ஒரே மகன் கர்டிஸ் வேலைக்குச் சேர்ந்தான். டெக்சஸில் இருந்த அந்தப் பட்டறைக்கு வெல்டர் தேவைப்பட்டது. டெல்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை, ஆனால் வெளியே காட்டினால் மானம் போய்விடுமே. "போயும் போயும் அந்தக் கூத்துக்கா போற?" என்று மகனைச் சீண்டினார். பிறகு கராஜுக்கு வந்து, தாமே எல்லோருக்கும் பீர் எடுத்துக் கொடுத்தார்.

கர்டிஸ் முதல் முறையாகத் திரையில் வந்த அன்று டெல்பர்ட்டின் மனைவி நெல்டாவும் கிரீம் பை என்ற இனிப்பைச் செய்து எடுத்துக்கொண்டு கராஜுக்கு வந்தாள். நிகழ்ச்சி நடத்துபவன் கர்டிஸின் பக்கத்தில் போய், "வெல்டிங் உங்க அப்பா கத்துக்கொடுத்ததாமே?" என்று கேட்டான்.

கர்டிஸ் முகமூடியை மேலே தூக்கிவிட்டுச் சிரித்தான். "அந்தாளா? அந்தாளுக்கு வேலையே தெரியாது. அவர் செஞ்சதையெல்லாம் நான்தான் திருப்பிச் செய்யவேண்டியிருக்கு."

கராஜில் யாரோ சிரித்துவிட்டார். சிரித்தவர்மேல் தப்பில்லை, எத்தனை பேரைப் பார்த்து டெல்பர்ட் இப்படிச் சிரித்திருக்கிறார். டெல்பர்ட் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

வெளியில் தெரியாத ஒரு முள் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது. அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வண்டியைக் கட்டியிருந்தார்கள். அப்போதே டெல்பர்ட்டின் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வண்டியின் தரைத்தகட்டில் அவர் போட்டிருந்த வெல்டை ஒரு நாள் கர்டிஸ் தேய்த்து எடுத்துவிட்டு, தானே மறுபடி போட்டு வைத்தான். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. டிவியில் அவன் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்தது அந்தத் தகடுதான்.

மறுநாள் கர்டிஸ் போன் செய்தான். "அப்பா, அது உங்களைச் சொன்னதில்ல. எங்க பெயிண்டரைப் பத்தி வேற ஒரு நாள் சொன்னது. அதை எடுத்து இங்க ஒட்டிட்டாங்க. உங்களுக்குத் தெரியாததாப்பா?"

"பேசினது உன் வாய்தானே?" என்றார் டெல்பர்ட். போனை வைத்துவிட்டார்.

நிகழ்ச்சியில் வரும் ஒவ்வொரு காட்சியையும் பொய் என்று அடித்துச் சொன்ன மனிதர், அந்த ஒரு காட்சியை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான். பையன் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டான். நெல்டாதான் எடுத்துப் பேசுவாள். இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அந்தக் குளிர்காலத்தில், யாருடைய காரையோ இழுத்துக்கொண்டு வரும்போது, ஓக்லஹோமா நெடுஞ்சாலையில் பனியில் வண்டி வழுக்கிக் கர்டிஸ் இறந்துபோனான்.

டெல்பர்ட் வெகுகாலம் யார் முகத்திலும் விழிக்கவில்லை. கடைசியில் ஹார்லன்தான் வந்து, "வந்து சும்மா உக்காருய்யா, பேசக்கூட வேணாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். அன்றைக்கென்று பார்த்து டிவியில் பழைய பகுதியைத் திரும்பப் போட்டார்கள். கர்டிஸ் முகமூடியோடு குனிந்து நிற்பதைப் பார்த்ததும் ஹார்லன் பதறிக்கொண்டு ரிமோட்டைத் தேடினார்.

"இருக்கட்டும்" என்றார் டெல்பர்ட். "முகத்தைப் பாத்துக்குறேன்."

அப்பாவைப் பற்றிய அதே கேள்வி வந்தது. கேட்டுக்கொண்டிருந்த கர்டிஸின் இடது பெருவிரலில் வெள்ளையாக ஒரு கட்டு. முகமூடியைத் தூக்கிச் சிரித்துக்கொண்டு பதில் சொன்ன கர்டிஸின் பெருவிரலில் கட்டும் இல்லை, காயமும் இல்லை.

"அங்க பாரு! கட்டு இல்ல! வேற நாள்ல எடுத்து..."

இத்தனை வருடப் பழக்கத்தில் வாய் தானாகக் கத்திவிட்டது. என்ன சொன்னோம் என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஹார்லன் என்ன செய்வதென்று தெரியாமல் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பீரை எடுத்து அவர் முன்னால் வைத்தார். டெல்பர்ட் அதைத் தொடவில்லை.

வீட்டில் நெல்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் பின்னால் போய் நின்றார்.

"நெல்டா, அவன் விரல்ல கட்டு இருந்துச்சு. பதில் சொல்றப்போ இல்ல."

அவள் குழாயை மூடினாள். "அதுக்கென்ன? அன்னிக்கே பாத்தேனே."

"பாத்தியா? ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட போய் என்னத்தச் சொல்றது, டெல்பர்ட்? ஊருக்கே தப்பு கண்டுபிடிச்சுக் குடுக்குறவன் நீ. நீ தெரிஞ்சுக்கிட்டேதான் அவன்கிட்ட பேசாம இருக்கேன்னு நெனச்சேன். அந்தத் தகட்டு வெல்டை அவன் திருப்பிப் போட்டான்ல, அந்தக் கோவம்னு நெனச்சேன்." ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவனும் அப்பிடித்தான் நெனச்சான். கடைசியா பேசினப்பக்கூட கேட்டான். 'அப்பா கண்ணுக்கு அந்தக் கட்டு தெரியாம போயிருக்குமாம்மா? எல்லாம் தெரிஞ்சும் எங்கிட்ட பேச மாட்டேங்கிறாரே'ன்னு."