கால் மில்லிமீட்டர் தேடி தி.நகரும் மயிலாப்பூரும்

1997 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. அடையாறில் நான் ஆராய்ச்சி மாணவி. எங்கள் அல்ட்ராசவுண்ட் கருவி என் விரல் நுனிக்குள் முடியளவு ரத்தக்குழாய் ஒன்றைக் காட்டியிருந்தது. பேராசிரியர் நம்பவில்லை. வெறும் இரைச்சலாக இருக்கலாம், திங்கட்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பு என்றார்.

நிரூபிக்க, அளவு தெரிந்த பொய்க்குழாய் ஒன்று வேண்டும். கடல்பாசியைக் காய்ச்சி, நடுவில் நூலை வைத்து, உறைந்ததும் உருவினால் துளை கிடைக்கும் என்பது என் கணக்கு. தையல் நூல் பாசியைக் கிழித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பயணம்.

காலை 9.40க்குப் பேருந்து. தி.நகர் ஆறு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம், இரண்டு ரூபாய். தையல் சாமான் கடை அண்ணாச்சியிடம் நைலான் நூல் கேட்டேன். "இழுத்தா நீளும்மா. விறைப்பா நிக்கணும்னா கம்பிதான். மயிலாப்பூர்ல வீணைக் கடையில கேளுங்க" என்றார்.

மயிலாப்பூருக்கு ஆட்டோ, முப்பது ரூபாய். ஓட்டுநர், "இன்னாம்மா, வீணை கத்துக்கினு கீறியா?" என்றார். ரத்தக்குழாய் விஷயத்தைச் சொன்னேன். கோயில் குளம் வரும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

வீணைக் கடைக்காரர் எடுத்துப்போட்ட தந்திகளை, கையோடு கொண்டுபோன ஸ்க்ரூ கேஜில் அளந்தேன். ஒன்று சரியாகக் கால் மில்லிமீட்டர் இருந்தது. பக்கத்தில் தந்தி வாங்க வந்திருந்த வீணை டீச்சர் எதற்கென்று விசாரித்தார். விளக்கினேன்.

"அப்படியே உருவினா பிச்சுக்கும். தேங்காயெண்ணெய் தடவிக்கோங்கோ. ஆத்துல நாங்க விரல்ல அதைத் தொட்டுண்டுதான் வாசிப்போம்."

இதே வழியில் போகிறவர்கள் தி.நகரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மயிலாப்பூரில் பல கடைகள் மதியம் மூடிவிடும். எதற்கு வாங்குகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எண்ணெய் யோசனை கிடைத்திருக்காது.

ஞாயிறு காலை, எண்ணெய் தடவிய தந்தி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ரத்தத்துக்குப் பதிலாகத் துளையில் பாலைச் செலுத்தி, எங்கள் கருவியில் படமெடுத்தேன். திரையில் மெல்லிய கோடு. அதற்குக் கீழே, நான் எதுவுமே வைக்காத இடத்தில், இன்னொரு கோடு.

கீழ்க்கோட்டை வெட்டிவிட்டு அச்செடுக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மனம் வரவில்லை. திங்களன்று முழுப் படத்தையும் மேசைமேல் வைத்தேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"மேல இருக்கிறது நிஜம். கீழ இருக்கிறது எங்கேருந்து வருதுன்னு தெரியற வரைக்கும் நீ இந்த வேலையை விடக்கூடாது."