யாரும் பாடாத ஆல்பம்

ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கெல்லாம் எலெக்ட்ரானிக் இசை ஆல்பங்களைச் சிபாரிசு செய்வேன். "மிக்ஸி ஓடற மாதிரி இருக்குது" என்று சிரித்துவிட்டு, மறுநாள் வேறு சீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வேப்பனப்பள்ளியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த மஞ்சுளாவுக்கு, இருப்பதிலேயே மென்மையான ஆல்பத்தை அனுப்பினேன். அதில் பாடும் குரலே கிடையாது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "யாராச்சும் பாடுவாங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டேன்க்கா. யாருமே பாடல."

"புடிக்கலயா?"

"அப்படி இல்ல. இதோ யாரோ வந்துருவாங்க, வந்துருவாங்கன்னே இருந்துச்சு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாடகை அறையில் தனியாக அதை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று அன்றுதான் புரிந்தது.

இப்போதும் புதியவர்களுக்கு அந்த ஆல்பத்தை அனுப்புகிறேன். யாரும் பாட மாட்டார்கள் என்று மட்டும் சொல்வதில்லை.