இரண்டு விரல்கள் செய்த குற்றம்

உங்கள் கை எல்லாவற்றையும் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறதா? மின்சாரம் இல்லை என்று தெரிந்தும், இருட்டறைக்குள் நுழைந்ததும் சுவிட்சைத் தட்டுகிறீர்களே, அந்த விரல் யாருடையது? அப்படி ஒரு தட்டுக்காகத்தான் ஒரு பெண்ணின் ஓராண்டுப் படிப்பைப் பிடுங்கப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்.

அவளுக்கு வீட்டில் ரப்பர் என்று பெயர். சிறுவயதிலிருந்தே எழுதுவதைவிட அழிப்பதுதான் அதிகம். கோடு கொஞ்சம் நெளிந்தால் போதும், காகிதம் நைந்து ஓட்டை விழும்வரை தேய்ப்பாள். சட்டைகளுக்குக் காஜா எடுக்கும் அவள் அம்மாவும் அப்படித்தான். ஒரு தையல் கோணினால் மொத்தத்தையும் பிரித்துவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் அம்மாவுக்கு யாரும் தேர்வு வைக்கவில்லை.

பிசியோதெரபி படிப்பில் சேர்ந்ததும் இந்தக் குணம் அவளைப் படுத்தி எடுத்தது. எலும்பு, தசை, நரம்பு என்று நாள் முழுக்கப் படம்தான். ஆசிரியர் மூன்றாவது படத்துக்குப் போயிருப்பார். இவள் முதல் படத்தின் முழங்கையை அழித்துக்கொண்டிருப்பாள். குறிப்பேட்டில் பாதிப் பாடம் இருக்காது. முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடம் ஊற்றிக்கொண்டது.

அண்ணன் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். யாரோ விற்றுவிட்டுப் போன டேப்லெட் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்தான். மேல் மூலையில் விரிசல். அந்த இடத்தில் மட்டும் தொட்டால் எதுவும் அசையாது. அதற்குப் பொருந்தும் பேனாவையும் எங்கோ தேடிப் பிடித்திருந்தான். கண்ணாடியில் பேனா வழுக்குகிறது என்று இவள் முகத்தைச் சுளித்ததும், சொரசொரப்பான தாள் ஒன்றைத் திரைமேல் ஒட்டினான். பிறகு இவள் இடது கையைப் பிடித்து இரண்டு விரலை மடக்காமல் நீட்டச் சொன்னான்.

“இனிமே பேப்பரைச் சாகடிக்காத. தப்பாப் போட்டா இந்த ரெண்டு விரலால ஒரு தட்டு. கடைசியாப் போட்ட கோடு போயிடும்.”

“தடம்கூட இருக்காதா?”

“இருக்காது. பரீட்சை அன்னிக்கு உன் தலையில எதுவும் இருக்காதே, அந்த மாதிரி.”

அதன்பின் வகுப்பில் அவள் வேறு ஆளாக உட்கார்ந்தாள். எலும்பை ஓர் அடுக்கில் வரைந்தாள், அதன்மேல் தசையை, அதற்கும் மேல் நரம்பை. தசை மறைத்தால் அதை மட்டும் விலக்கிப் பார்த்தாள். குறுகலான இடத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, பொடி எழுத்தில் பெயர் குறித்தாள். பேனா வலது கையில் ஓட, இடது கையின் இரண்டு விரல்கள் மழைத்தூறல்போல் தட்டிக்கொண்டே இருக்கும். எப்போதோ எழுதிய சொல்லைத் தேடினால், அவள் கிறுக்கலிலிருந்தே டேப்லெட் எடுத்துக் கொடுத்தது. “உன் எழுத்தை உங்கம்மாவே படிக்க மாட்டாங்க, இது எப்படிடி படிக்குது?” என்று பக்கத்து பெஞ்சுத் தோழி வியந்தாள். அந்தப் பருவத்தில் எல்லாப் பாடத்திலும் தேறினாள். விட்ட இரண்டையும் சேர்த்துத்தான்.

கருவியைக் கும்பிடச் சொல்லவில்லை. நடு வகுப்பில் சார்ஜ் தீர்ந்து கைவிட்டதும் உண்டு. நான் சொல்ல வருவது வேறு: அவள் பாடம் படித்த நேரத்தில் அவள் கை தனியாக ஒரு பாடம் படித்துவிட்டது. அது அவளுக்கே தெரியாது.

ஆண்டுத் தேர்வு வழக்கம்போலக் காகிதத்தில். தோளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை வரையச் சொல்லிக் கேள்வி. பாய்ந்து வரைந்தாள். ஒரு கிளையை இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். உடனே இடது கையின் இரண்டு விரல்கள் விடைத்தாளைத் தட்டின. கோடு போகவில்லை. இன்னும் அழுத்தித் தட்டின. முன் பெஞ்சுப் பெண்ணும் அந்த நேரம் பார்த்துத்தான் கழுத்தைச் சொடுக்கித் திரும்ப வேண்டுமா?

பின்னாலிருந்து வந்த கண்காணிப்பாளர் தாளைப் பிடுங்கினார். இரண்டு விரல் என்றால் இரண்டாவது விடை. ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ பகுதிக்கு முன் பெஞ்சுக்குச் சிக்னல் கொடுக்கிறாள் என்று புகார் எழுதினார். அவள் உள்ளதைச் சொன்னாள். காகிதத்தைத் தட்டி யாராவது அழிப்பார்களா என்று அவர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அந்த ஒரு பாடம் மட்டும் போகும். மறுத்து, குற்றம் உறுதியானால் ஆண்டு முழுவதும் போகும். எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்கள்! செய்தவனுக்குச் சலுகை, செய்யாதவளுக்குச் சூதாட்டம். ஒரு பாடம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா கெஞ்சினார். “செய்யாததை எப்படிம்மா எழுதறது?” என்றாள்.

செய்து காட்ட டேப்லெட்டை எடுத்துப் போனாள். தேர்வுப் பிரிவுக்குள் மின்னணுச் சாதனம் கூடாதென்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே குழுத் தலைவர், கண்காணிப்பாளர், வேறு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியை. தலைவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். ஒப்புக்கொள்ள மாட்டேன், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தாள்.

முதல் வரியிலேயே தேதியைத் தப்பாக எழுதிவிட்டாள். இடது கையின் இரண்டு விரல்கள் தாளைத் தட்டின. தேதி அப்படியே இருந்தது. மறுபடி தட்டின.

“பாருங்க மேடம், இப்பவும் சிக்னல் கொடுக்கறா” என்று கண்காணிப்பாளர் எழுந்தேவிட்டார்.

பேராசிரியை அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“யாருக்கு சார்? உங்களுக்கா, எனக்கா?”

கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். பேராசிரியை தாளைத் தன் பக்கம் திருப்பி, தவறான தேதியைப் பார்த்தார். வாசலிலிருந்து டேப்லெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவளை ஒரு கோடு போடச் சொன்னார். தானே இரண்டு விரலால் தட்டினார். கோடு போனது. “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான். அன்றே தேர்வறையில் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவள் படத்தை முடித்திருப்பாள்.

விடைத்தாள் திருத்தப்பட்டது. பாதிப் படத்துக்குப் பாதி மதிப்பெண், தேறிவிட்டாள். ஆனால் குழுவின் அறிக்கையில் “எச்சரித்து அனுப்பப்பட்டார்” என்று ஒரு வரி. எதற்கு எச்சரிக்கை என்று தலைவரிடம் கேட்டாள்.

“சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா, விடு.”

விடவில்லை அவள். அந்த வரியை நீக்கக் கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். திரையில் போன கோட்டுக்குத் தடமில்லை. அறிக்கையில் விழுந்த வரியை நீக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. இன்றும் வகுப்பில் டேப்லெட்டில்தான் எழுதுகிறாள், தட்டித் தட்டி. தேர்வறையில் மட்டும் இடது கையைத் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாள். பிடிக்கக் கை இல்லாமல் தாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குற்றமற்ற ஒருத்தி தன் கையைத் தானே சிறைவைத்திருக்கிறாள்.

நாளை நீங்களும் யாரையாவது கண்காணிக்கும் இடத்தில், தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியாத ஒன்றைப் பார்த்ததும் பேனாவை எடுக்காதீர்கள். “இது என்னம்மா? செய்து காட்டு” என்று முதலில் கேளுங்கள். அவளைப்போல் யாராவது உங்கள் முன்னால் ஒற்றைக் கையோடு எழுதிக்கொண்டிருந்தால், அருகில் போய், அந்த இன்னொரு கையையும் எடுத்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.