பொழுது சாயுமுன் ஒரு பந்தி, சாய்ந்தபின் ஒரு பந்தி

கல்யாணச் சமையல் தொழிலில் உப்பு புளியை விட முக்கியமான சரக்கு, யார் வீட்டுக்கு எது ஆகாது என்கிற ஞாபகம்தான். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கின ஜனங்களே, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். காஞ்சிபுரத்தில் ஒரு தெருவுக்கு ஆகிறது அடுத்த தெருவுக்கு ஆகாது. அத்தனைக்கும் நடுவில் நின்று கரண்டி பிடிச்சவன் நான்.

சம்பந்தியும் வெங்காயமும்

புரட்டாசி மாசம். சின்ன காஞ்சிபுரத்தில் நாமம் போட்ட நெசவுக்காரர் வீட்டில் பெருமாளுக்குப் படைக்கிற சனிக்கிழமைத் தளிகை. அந்த மாசம் முழுக்க அங்கே வெங்காயம் வாசப்படி ஏறாது. மாப்பிள்ளையோ பெரிய காஞ்சிபுரம், பட்டையாக விபூதி பூசுகிற குடும்பம். அவரோட அம்மா சமையல்கட்டுக்கே வந்து, "எம்புள்ளைக்கு வெங்காயம் இல்லாத சாம்பார் இறங்காதுபா. தனியா ஒரு கிண்ணம் பண்ணிடு" என்று என் காதோடு சொன்னாங்க.

மெதுவாத்தான் சொன்னாங்க. ஆனால் பொண்ணோட அம்மாவுக்குப் பாம்புக் காது. கூடத்திலிருந்தே குரல் வந்தது: "எங்க பெருமாள் வருஷம் பூரா வெங்காயம் இல்லாமதான் இருக்காரு சம்பந்தியம்மா. உங்க புள்ளை ஒரு வேளை இருக்க மாட்டாரா?"

அண்டாவுக்கு வந்த சந்தேகம்

பெரிய வெள்ளிக்கிழமை சர்ச் முடிஞ்சு வர்றவங்களுக்குக் கஞ்சி காய்ச்சணும் என்று மரியம்மா கூப்பிட்டாங்க. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அம்மா. வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் இருந்த பெரிய அண்டா ஒண்ணே ஒண்ணு. அதில்தான் முந்தின வாரம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சி ஊத்தினேன். பின்னால் தெரிஞ்சு பேச்சு வரக்கூடாதே என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மரியம்மா அண்டாவுக்குள் தலையை விட்டு ஒரு சுற்றுப் பார்த்தாங்க. "அதுக்கின்னா, ஞானஸ்நானமா குடுக்கப் போறோம்? புளி போட்டு நல்லாத் தேய்ப்பா, போதும்!"

ஏகாம்பரம் போட்ட முடிச்சு

அறுபதுகளில் ஒரு தை மாசம். நெசவுக்கார ஏகாம்பரம் தன் பொண்ணு கல்யாணத்துக்கு என்னிடம் சமையல் பேசினார். என் கையில் விழுந்த முதல் பெரிய கல்யாணம். அவருக்கு உசுரான சிநேகிதங்க ரெண்டு பேர். ஒருத்தர் திருப்பருத்திக்குன்றத்து நயினார், ஜைனர். கல்யாண அரிசி அவர் நிலத்தில் விளைஞ்சது. இன்னொருத்தர் காதர் பாய். கூரைப்புடவைக்குச் சரிகை அவர் கொடுத்தது. "அவங்க ரெண்டு பேரும் என் பந்தியில கை நனைக்காம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறக்கூடாதுபா" என்றார் ஏகாம்பரம்.

சிக்கல் இதுதான். நயினார் வீட்டு ஜனங்க பொழுது சாய்ஞ்சால் பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க. பாய்க்கு அது நோன்பு மாசம். பொழுது சாயாமல் தண்ணி தொண்டையில் இறங்காது. ஒருத்தர் சட்டம் இன்னொருத்தர் சட்டத்துக்கு நேர் எதிர். ஊரில் பேர்போன சமையல் மேஸ்திரி ஒருத்தர் சந்தையில் நாலு பேர் எதிரில் என்னைப் பார்த்துச் சிரிச்சார்: "அந்த ரெண்டு பேரையும் ஒரே வேளையில சாப்பிட வெச்சிட்டீன்னா, நான் கரண்டியைப் போட்டுட்டு மாடு மேய்க்கப் போறேன்டா!"

கலசத்து வெயில்

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் பந்தி போட்டேன். நயினார் வீட்டுக்கு ஆகாத வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. அவரைக்காய் சாம்பார், பூசணிக் கூட்டு, பாய்க்குப் பச்சைப்பயறு போட்ட நோன்புக் கஞ்சி. ஒரு வரிசையில் நயினார் வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்தாங்க. எதிர் வரிசையில் பாய் வீட்டார் பொழுது சாயக் காத்திருந்தாங்க. இந்த வரிசை எழுந்ததும் அந்த வரிசை கை வைக்கும். கணக்குச் சரியாத்தான் இருந்தது.

தெருக்கோடியில் பேண்டு சத்தம் கேட்டது. பரிமாற வந்த ஆளுங்க அத்தனை பேரும் மாப்பிள்ளை கார் பார்க்க ஓடிட்டாங்க! கத்தினேன், எவன் காதிலும் விழலை. கோபுரக் கலசத்தில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் வெயில். அதுவும் போச்சுன்னா நயினார் வெறும் இலையை மடிச்சிட்டு எழுந்துடுவார். ஏகாம்பரம் முகம் வெளுத்துப் போச்சு.

அப்போதான் எதிர் வரிசையிலிருந்து காதர் பாய் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார், சாம்பார் வாளியைத் தூக்கினார். "பார்த்துக்கினு இருக்கீங்களே, எழுந்திருங்கடா!" என்றார். அவர் தம்பி, மருமகன் எல்லோரும் சோறும் கூட்டுமாக வரிசையில் இறங்கினாங்க. நயினாரோட பெரியப்பா மட்டும் இலைக்குக் குறுக்கே கையை வைச்சார். நயினார் அவர் கையை மெல்ல விலக்கி, "பசியோட இருக்கிறவர் தன் பசியைப் பார்க்காம போடுற சோறு பெரியப்பா. இதை விடச் சுத்தம் எங்க இருக்குது? ஊத்துங்க பாய்" என்றார். பெரியவர் கையை எடுத்துக்கிட்டார்.

நடுவில் நயினார், "சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கம்மி போல இருக்குதே?" என்று கேட்டார். "என்னைக் கேட்டா? பொழுது போகட்டும், சொல்றேன்" என்றார் பாய். பந்தி முழுக்கச் சிரிப்பு.

கலசத்து வெயில் இருக்கும்போதே நயினார் வீட்டார் கை கழுவிட்டாங்க. கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நயினார் பாய் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினார், அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைச்சார், பேரீச்சம்பழத்தை நீட்டினார். கஞ்சி ஊத்தினது யார் தெரியுமா? அந்தப் பெரியப்பா! ஏகாம்பரம் துண்டால் வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். நான் கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிட்டேன்.

பாய் ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டு நிமிர்ந்தார். "நீங்க சாப்பிடும்போது எனக்கு ஆகாது, நான் சாப்பிடும்போது உங்களுக்கு ஆகாது. அப்புறம் பரிமாற நம்ம ரெண்டு பேரை விட்டா வேற யாருக்குய்யா கை காலியா இருக்கும்?"

மாடு மேய்க்கப் போறேன் என்று சொன்ன மேஸ்திரி ஒரு கன்னுக்குட்டிகூட வாங்கலை, ஆனால் அதுக்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குச் சமையல் பேசினாலும் பொழுது எத்தனை மணிக்குச் சாயும் என்றுதான் முதலில் கேட்டாராம்.