அவுக பேரு

திருக்கோகர்ணத்தில் நாள் வாடகைக்கு எடுத்த மாடியறையில் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஆலங்குடி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். கீழே வாசலில் மாநகராட்சி ஊழியர் ஒருவர் வந்து நிற்கிறார். அனுமதியில்லாமல் இப்படி வாடகைக்கு விட்டால் அறையைப் பூட்டி சீல் வைத்துவிடுவார்களாம். வீட்டுக்கார அம்மாவின் சிங்கப்பூர் மகன் அறையை ஆப்பில் போட்டுவிட்டதோடு சரி, அனுமதி வாங்கவில்லை. அந்த அம்மா படியேறி வந்து மூச்சுவாங்கச் சொல்கிறார்.

"யாருன்னு கேட்டா எங்க வீட்டுக்காரவுக தம்பின்னு சொல்லிருங்க."

பொய் சொல்லப் பிடிக்கவில்லை. பஸ்ஸை விடவும் மனமில்லை. இறங்குகிறேன்.

ஊழியர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். பிறகு படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் வைஃபை பாஸ்வேர்டைப் பார்க்கிறார்.

"எங்க கொழுந்தனாருங்க" என்கிறார் அம்மா.

"அப்படிங்களா? ஒங்க அண்ணன் பேரு என்னங்க?" என்று ஊழியர் என்னைக் கேட்கிறார்.

எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து இந்த அம்மா 'அவுக', 'அவுக' என்றேதான் பேசுகிறார். திரும்பி அவரைப் பார்க்கிறேன். உதடு அசைகிறது, புருஷன் பேர் மட்டும் வரவில்லை. வீடே போனாலும் வராது போல.

"நாளைக்கு ஆபீஸுக்கு வந்து அனுமதிக்கு எழுதிக் குடுங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அங்க பேரு சொல்லியாகணும்." ஊழியர் வண்டியைக் கிளப்புகிறார்.

பஸ் போயிருக்கும். எரிச்சலோடு செருப்பை மாட்டுகிறேன். "அவரு பேருதான் என்னங்கம்மா?"

"அத அவுக வந்து சொல்லுவாக. கொழுந்தனாருன்னு சொல்லியாச்சு, சாப்புடாமப் போனா நல்லாருக்காது. செருப்பக் கழட்டுங்க."