வாஷிங் மெஷினுக்கு முட்டுக் கொடுத்த செங்கல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மேல்பட்டாம்பாக்கத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது.

நான் ஒரு மேஸ்திரி. பதினெட்டு வயதில் கரண்டியைப் பிடித்தவன். சவுதியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, கடலூர், நெல்லிக்குப்பம் பக்கமெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். செங்கல்லைத் தட்டினால் போதும், வருகிற சத்தத்தை வைத்தே நன்றாக வெந்ததா இல்லையா, எந்தப் பக்கத்து மண் என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்த ஆள். என் மனைவியின் தம்பி என்னோடுதான் வேலை செய்கிறான். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். "மச்சானுக்குத் தெரியாத செங்கல்லா?" என்று அவன் கிண்டல் செய்வான். அதைக்கூட நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன். அந்த அளவுக்குத் தலைக்கனம்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டினவன் சொந்த வீட்டை ஆரம்பித்தது கொரோனா ஊரடங்கு முடிந்த பிறகுதான். அந்த நேரம் பார்த்துச் செங்கல்லுக்குப் பெரிய தட்டுப்பாடு. மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்க, செங்கல்லை ஜல்லியாக உடைத்து, சுண்ணாம்பு கலந்து தளம் போடுவோம். அதற்கு உடைந்த கல்கூடக் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் சவுக்குத் தோப்பு வைத்திருக்கிறவர் ஒருவர் கூப்பிட்டார். அவருக்கு முன்பு மாட்டுக்கொட்டகை கட்டிக் கொடுத்த பழக்கம். தோப்பின் மூலையில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு மேடு இருந்தது. மேலே முழுக்க ஈச்சம்புதர். அதை எடுத்துவிட்டு மீன் குட்டை வெட்டப் போகிறாராம். புதரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் உள்ளே வரிசை வரிசையாகச் செங்கல்.

"பாய், இது ஏதோ பழைய கட்டடம் மாரி தெரியுது. தாலுகா ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கவா?" என்றார் அவர்.

நான் ஒரு கல்லைப் பிடுங்கித் தட்டிப் பார்த்தேன். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம். அப்படி ஒரு கல்லை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"பழைய சூளைங்க இது. ஆத்தோரம் நல்ல மண்ணு. அந்தக் காலத்துல இங்கயே அறுத்து இங்கயே சுட்டுருக்காங்க. யாரயும் கேக்க வேணாம், நானே எடுத்துக்கிறேன்."

அவர் நம்பிவிட்டார். செங்கல் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

நான்கு நாள் நின்று பிரித்தோம். இரண்டாவது நாளே மச்சான் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு, "சூளைன்னா சாம்பல் கெடக்கணுமே மச்சான்? ஒரு பிடி கூட காணமே" என்றான். மழையில் கரைந்திருக்கும் என்றேன். மூன்றாவது நாள் மறுபடியும் ஆரம்பித்தான். "உள்ள குறுக்குச் செவுரு போவுது. சூளைக்கு எதுக்கு மச்சான் குறுக்குச் செவுரு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. "எனக்கே பாடம் எடுக்கிறியா? வேலையப் பாருடா" என்று எரிந்து விழுந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் கேட்ட கேள்வி எனக்குள்ளும் இருந்தது. சும்மா கிடைக்கிற பொருளை யாராவது கேள்வி கேட்டால் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம்தான் அதை அமுக்கி வைத்திருந்தது.

ஏழெட்டு டிராக்டர் நடை வந்தது. வாசலில் கொட்டி, ஆள் வைத்துச் சுத்தியலால் உடைத்தோம். சுண்ணாம்பு கலந்து, கட்டையால் தட்டித் தட்டி மொட்டை மாடி முழுக்கத் தளம் போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்தேன். மிச்சம் தரைக்கு அடியில் போனது. இரண்டே இரண்டு கல்லை மட்டும் உடைக்கவில்லை. பின்கட்டில் வாஷிங் மெஷின் ஆடிக்கொண்டே இருந்ததால், அதன் அடியில் முட்டாக வைத்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்துவிட்டது.

என் மகள் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். வீடு கட்டி இரண்டு வருடம் கழித்து, ஒருநாள் மத்தியானம் அவளிடமிருந்து போன்.

"அத்தா, எங்க மேடம் கிளாஸ்ல ஒரு பழைய செங்கல் படம் காட்டுனாங்க. நம்ம வாஷிங் மெஷினுக்கு அடியில இருக்குல்ல, அந்தச் செங்கல்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பக்கத்துல ஸ்கேல் வச்சு எடுங்க."

"ஏம்மா, செங்கல்லுக்கு மாப்ள பாக்கறியா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவளுடைய மேடமே பேசினார். அதை யாரும் தொட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றார். குரலில் ஒரு பதற்றம் இருந்தது. எனக்கோ உள்ளூரப் பெருமை. நம் வீட்டுக் கல்லைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து ஆள் வருகிறதே!

மேடத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். மகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். டீயைக்கூடக் குடிக்காமல் நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். மெஷினை நகர்த்திக் கொடுத்தோம். ஈரத்துணியால் கல்லைத் துடைத்தார். ஒரு கல்லின் மேல் மூன்று கோடு ஓடியது. மண் ஈரமாக இருந்தபோது யாரோ மூன்று விரலை வைத்து இழுத்த கோடு. சோப்புத் தண்ணீர் படிந்து கிடந்ததால் அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை.

"இது ரொம்பப் பழசு சார். ஆயிரம் வருஷத்துக்கு மேலயே இருக்கலாம்" என்றார் மேடம். "புத்த பிக்குகள் இருந்த பழைய கட்டடங்கள்ல இந்த மாதிரி கல்லு பாத்திருக்கேன். இந்தப் பக்கம்லாம் அவுங்க இருந்திருக்காங்க. திருவதிகை கோயில்ல ஒரு புத்தர் சிலை கூட இருக்கே, பாத்ததில்லையா? ஆனா இந்தப் பக்கம் கட்டடம்னு ஒண்ணும் மிஞ்சல. ஒண்ணாவது கெடைக்காதான்னு பல வருஷமா தேடறேன்."

பிறகு நிமிர்ந்து கேட்டார். "மிச்சக் கல்லுலாம் எங்க சார் இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போலீஸ், கேஸ், கோர்ட் எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நின்றது.

"யாரோ லாரிக்காரர் குடுத்தாரு மேடம். எங்கேருந்துன்னு தெரியல" என்றேன்.

என் மகள் என்னைப் பார்த்தாள். தோப்புக் கதை அவளுக்குத் தெரியும். அதை எத்தனை தடவை அவளிடம் பெருமையடித்திருக்கிறேன்! ஆனால் அவள் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் தண்ணீர்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மேடம் ஏமாற்றத்தோடு எழுந்து கைப்பையை எடுத்தார்.

"மேடம், பொய் சொல்லிட்டேன்" என்றேன். "மிச்சக் கல்லு நம்ம தலைக்கு மேல இருக்கு."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தவர், வெகுநேரம் தலையைக் கீழே இறக்கவில்லை.

அடியில் ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்று உடனே தோப்புக்குப் போனோம். மேடு இருந்த இடத்தில் குட்டை. இரண்டு ஆள் ஆழம். மீன் துள்ளிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்ட தோப்புக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான பாய் சூளைன்னு சொன்னீங்க? ஆபீஸ்ல கேக்கறேன்னு நான் சொன்னனா இல்லயா?" மேடம் கரையிலேயே நின்றிருந்தார்.

திரும்பி வரும்போதுதான் அவர் சொன்னார். "அது உள்ள எப்படி இருந்துச்சுன்னு பாத்தது ஒலகத்துலயே நீங்களும் ஒங்க மச்சானும்தான் சார். ஏதாவது ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கையால் பிரித்த சுவர் மேஸ்திரிக்கு மறக்காது. ஆனால் பேப்பரும் பேனாவும் கொடுத்தால் எனக்கு வரவில்லை. அஸ்திவாரத்துக்கு நூல் பிடித்துச் சுண்ணாம்புத் தூளால் மார்க்கிங் போடுவோமே, அப்படி முழு அளவில் போட்டால்தான் வரும் என்றேன். அதற்குத் தேவையான அளவு இடம் மொட்டை மாடியில்தான் இருந்தது.

மச்சானைக் கூப்பிட்டேன். வெயில் தாழ்ந்திருந்தது. நடுவில் அவன் நூலின் ஒரு முனையைப் பிடித்து உட்கார, மறுமுனையைப் பத்தடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். வெளிச்சுவர் வந்தது. உள்ளே சின்னதாக இன்னொரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் குறுக்குச் சுவர்கள்.

"இங்க ஒண்ணு."

"இல்ல மச்சான், இன்னும் கொஞ்சம் கெழக்கால."

எட்டுச் சுவர் போட்டோம். நடுநடுவே கெட்டியாக மண் அடைத்திருந்ததையும், சுண்ணாம்பே இல்லாமல் களிமண் சாந்தில் கல் அடுக்கியிருந்ததையும் சொன்னேன். மகள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள்.

முடித்ததும், மேலேயிருந்து ஒரு போட்டோ வேண்டும் என்றார் மேடம். போனை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறினேன். திரும்பிக் கீழே பார்த்தேன்.

வண்டிச் சக்கரம்.

நான்கு நாள் அதற்குள்ளேயே நின்று பிரித்தோம், ஒருநாளாவது மேலே ஏறி நின்று பார்த்தோமா? நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், சுற்றிலும் வட்டை என்று ஒரு முழுச் சக்கரம் என் மாடியில் கிடந்தது. எந்தச் சூளைக்காரன் சக்கரம் கட்டுவான்?

"ஸ்தூபி சார்" என்றார் மேடம். "மேல பெருசா மண்ணக் கொட்டி அரைவட்டமா எழுப்பணும். அந்தப் பாரத்துக்குச் சுத்துச் செவுரு வெளிய தள்ளிடாம இருக்கத்தான் உள்ள இந்த ஆரக்கால் செவுரு. பழைய ஸ்தூபிகள்ல இப்படித்தான் கட்டிருக்காங்க. முறையா தோண்டிப் பாக்காம உறுதியா சொல்ல முடியாது. இனிமே தோண்டவும் முடியாது."

அது எவ்வளவு கெட்டிக்கார வேலை என்பது அங்கே இருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகப் புரிந்தது. அதனால்தான் அப்படி வலித்தது. கடப்பாறையை ஓங்கி ஓங்கிக் குத்தினாலும் அந்தக் குறுக்குச் சுவர் லேசில் அசையவில்லை. அப்போது நான் கட்டினவனைத் திட்டிக்கொண்டே குத்தினேன். போதாததற்கு, எதை உடைத்து ஜல்லியாக்கினேனோ அதன் மேலேயே நின்று அதன் படத்தைப் போட்டிருக்கிறேன். ஏணியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் அன்றே கேட்டேனே என்று சொல்லியிருக்கலாம் மச்சான்; அவனோ ஏணிக்கடியில் வந்து நின்று என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

இதைத் தொல்லியல் துறைக்கு எழுதியாக வேண்டும் என்றார் மேடம். கேஸ் வருமா என்று கேட்டேன். தெரியாது என்றார். என் மகளிடம், "சூளைன்னு சொன்னதும் அத்தாதான், பிரிச்சதும் அத்தாதான்னு எழுதும்மா. வேற யார் பேரும் வேணாம்" என்றேன். அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் வந்தார்கள். நன்றாகத் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். கேஸ் எதுவும் வரவில்லை. இரண்டு கல்லையும் படத்தையும் எடுத்துப் போனார்கள். கொடுப்பதற்கு முன்பு அந்த மூன்று கோட்டில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. அவனும் என்னை மாதிரி மண்ணில் கை வைத்துப் பிழைத்தவன்தான். அவன் கட்டியது ஆயிரம் வருடம் நின்றது, என் கையில் நான்கே நாள்.

இப்போது யாராவது பழைய சுவரைக் காட்டி என்னவென்று கேட்டால், எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். மச்சானுக்கு அது ஆச்சரியம். ஆனால் சித்திரை, வைகாசி வந்தால் என் பாடு கஷ்டம்தான். வெயிலில் வருகிற விருந்தாளிகள் எல்லாம் அப்பாடா என்று உட்கார்ந்து, "ஒங்க வீடு மட்டும் எப்படி பாய் இவ்ளோ குளுகுளுன்னு இருக்கு?" என்று தவறாமல் கேட்கிறார்கள். முன்பெல்லாம் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பேன். இப்போது, டீ போடச் சொல்கிறேன் என்று எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறேன்.